நமீபியாவின் அரசியல் சட்டமும் நடுநிலைச் சட்ட உதவியும்

(மாணவர்களும் அரசு அலுவலர்களும் பங்கு கொண்ட கருத்தரங்கொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)

போர் ஓய்வது வேறு. சமாதானம் நிலைபெறுவது வேறு. துப்பாக்கிகள் மௌனமானவுடன், நேற்று வரை களத்தில் எதிரெதிரே நின்றவர்கள் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, இனி எந்தச் சட்டத்தின் கீழ் வாழ்வது என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அந்த மேசையில் ஒரு தரப்பினரிடம் சட்ட வல்லுநர்கள் பலர் இருப்பர். மற்றத் தரப்பினரிடம் தியாகமும் மக்கள் ஆதரவும் இருக்குமேயன்றி, ஒரு விதியை எவ்வாறு எழுதினால் நீதிமன்றத்தில் எவ்வாறு பொருள்படும் என்று சொல்லக்கூடியவர்கள் இருப்பது அரிது. இந்த ஏற்றத்தாழ்வைச் சரி செய்யாமல் எழுதப்படும் அரசியல் சட்டம், வென்றவரின் ஆணையாகவோ வல்லவரின் தந்திரமாகவோ மக்களுக்குத் தோன்றும். இக்காரணம் பற்றியே, எத்தரப்பையும் சாராத சட்ட உதவி என்பது சமாதான முயற்சிகளின் இன்றியமையாத அங்கமாக வளர்ந்துள்ளது.

இத்தகைய உதவி இந்தியாவுக்குப் புதிதன்று. நமது அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகராகப் பணியாற்றிய சர் பி. என். ராவ் அச்சபையின் உறுப்பினர் அல்லர். அவருக்கு வாக்குரிமை கிடையாது. 1947 அக்டோபரில் அவர் தயாரித்தளித்த முதல் வரைவில் 243 விதிகளும் 13 அட்டவணைகளும் இருந்தன. டாக்டர் அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழுவும் சபையும் அதனை ஆராய்ந்து, திருத்தி, பெருக்கி, 395 விதிகளும் 8 அட்டவணைகளும் கொண்ட அரசியல் சட்டமாக 1949 நவம்பர் 26 அன்று ஏற்றுக்கொண்டன. அதே ராவ் பர்மாவின் அரசியல் சட்ட வரைவுக்கும் உதவி புரிந்தார். எழுதிக் கொடுப்பவர் ஒருவர், ஏற்றுக்கொள்பவர் மற்றொருவர் என்ற இந்த வேறுபாட்டில்தான் நடுநிலைச் சட்ட உதவியின் உயிர்நாடி இருக்கிறது. இதனை நன்கு விளக்கும் அண்மைக்கால உதாரணம், ஆப்பிரிக்காவின் தென்மேற்கில் உள்ள நமீபியா ஆகும்.

நீண்ட வழக்கு

1884 முதல் ஜெர்மானியக் குடியேற்ற நாடாக இருந்த தென்மேற்கு ஆப்பிரிக்காவில், 1904 முதல் 1908 வரை ஹெரேரோ, நாமா மக்கள் பெருந்திரளாகக் கொன்றழிக்கப்பட்டனர். அவர்களது நிலங்களும் கால்நடைகளும் பறிக்கப்பட்டன. முதல் உலகப் போரின்போது, 1915இல், தென்னாப்பிரிக்கா அந்நாட்டைக் கைப்பற்றியது. பின்னர் சர்வதேச சங்கத்தின் பொறுப்பாட்சி நாடாக அது தென்னாப்பிரிக்காவிடமே ஒப்படைக்கப்பட்டது. அப்பிரதேசத்தைத் தன்னுடன் இணைத்துக் கொள்ளத் தென்னாப்பிரிக்கா 1946இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையின் ஒப்புதலைக் கேட்டபோது, அதனை எதிர்த்து நின்ற நாடுகளில் இந்தியா முன்னணியில் இருந்தது. பொதுச்சபை ஒப்புதல் தர மறுத்தது.

அதன்பின் வழக்கு நீண்டது. எத்தியோப்பியாவும் லைபீரியாவும் தொடுத்த வழக்கைச் சர்வதேச நீதிமன்றம் 1966 ஜூலையில், நீதிபதிகளின் வாக்குகள் சமமாகப் பிரிந்த நிலையில், தலைவரின் தனி வாக்கால் ஏற்க மறுத்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் ஸ்வாப்போ விடுதலை இயக்கத்தின் ஆயுதப் போராட்டம் தொடங்கிற்று. அக்டோபரில் பொதுச்சபை பொறுப்பாட்சியை முடிவுறுத்தித் தீர்மானித்தது. 1971இல் அதே நீதிமன்றம், தென்னாப்பிரிக்கா நமீபியாவில் தொடர்ந்து இருப்பது சட்டவிரோதமானது என்று கருத்துரை வழங்கியது. சட்டம் தெளிவாயிற்று, எனினும் படைகள் விலகவில்லை. 1978 செப்டம்பர் 29 அன்று பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 435ஆம் தீர்மானம், ஐ.நா. மேற்பார்வையில் தேர்தல் நடத்தி அரசியல் நிர்ணய சபையை அமைக்க வழி வகுத்தது. அதனைச் செயற்படுத்தப் பத்தாண்டுகளுக்கு மேலாயிற்று.

கோட்பாடுகள் முதலில்

இந்தத் தாமதத்திலும் ஒரு நன்மை விளைந்தது. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, கனடா ஆகிய ஐந்து மேற்கத்திய நாடுகளின் தொடர்புக் குழு, சம்பந்தப்பட்ட தரப்பினருடன் பேசி, 1982 ஜூலையில் அரசியல் சட்டக் கோட்பாடுகள் சிலவற்றை வகுத்துப் பாதுகாப்புச் சபைக்கு அனுப்பியது. அவை சில பக்கங்களுக்கு மேற்படாதவை. அரசியல் சட்டம் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையால் நிறைவேற்றப்பட வேண்டும். நாடு ஒருமைப்பட்ட, இறைமையுள்ள, ஜனநாயக நாடாக இருக்க வேண்டும். நீதித்துறை சுதந்திரமாக இயங்க வேண்டும். அடிப்படை உரிமைகள் உலக மனித உரிமைப் பிரகடனத்திற்கு இசைந்தவையாக இருக்க வேண்டும். நியாயமான இழப்பீடு இன்றிச் சொத்து பறிக்கப்படலாகாது. பின்தேதியிட்டுக் குற்றங்களை உருவாக்கலாகாது என்பன அவற்றுள் முக்கியமானவை.

மூன்றில் இரண்டு பங்கு என்ற விதியின் பயனைப் பின்னர் காணலாம். தேர்தலில் யார் வெல்வர் என்று உறுதியாகத் தெரியாத காலத்தில் ஆட்ட விதிகளை ஒப்புக்கொள்வது எளிது. வென்ற பிறகு வென்றவர் விதிகளுக்கு இணங்குவது கடினம். சட்ட உதவிக்கு ஏற்ற பருவம் எது என்பதை இது உணர்த்துகிறது.

மற்றோர் ஆயத்தமும் அமைதியாக நடைபெற்றது. ஜாம்பியத் தலைநகர் லுசாகாவில் 1976இல் திறக்கப்பெற்ற ஐ.நா. நமீபியப் பயிலகம், நாடு கடந்து வாழ்ந்த நமீபிய இளைஞர்களுக்கு ஆட்சியியல், பொருளாதாரம், சட்டம் முதலிய துறைகளில் பயிற்சி அளித்தது. நாடு கையில் வருமுன் நாட்டை நடத்துவோரைத் தயாரித்த அரிய முயற்சி அது. அதன் இயக்குநராகப் பணியாற்றிய ஹாகே கைங்கோப், பின்னர் அரசியல் நிர்ணய சபையின் தலைவரானார்.

இடைக்காலத்தில் நடுவர்கள்

1988 டிசம்பர் 22 அன்று அங்கோலா, கியூபா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகள் நியூயார்க்கில் ஒப்பந்தம் செய்துகொண்டன. 1989 ஏப்ரல் முதல் நாள் ஐ.நா. மாறுதற்கால உதவிக் குழு பணியைத் தொடங்கியது. அதன் படைத் தலைவராக விளங்கியவர் இந்தியத் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் திவான் பிரேம் சந்த். ஐ.நா. பொதுச்செயலாளரின் சிறப்புப் பிரதிநிதியாக பின்லாந்தைச் சேர்ந்த மார்ட்டி அதிசாரி பொறுப்பு வகித்தார். தொடங்கிய அன்றே வடபகுதியில் சண்டை மூண்டது. சில நாட்களில் ஸ்வாப்போ போராளிகள் முந்நூறு பேருக்கு மேல் மடிந்தனர். அனைத்தும் குலைந்துவிடுமோ என்று அஞ்சப்பட்ட அவ்வேளையில், ஏப்ரல் 9 அன்று ஏற்பட்ட உடன்பாடு நிலைமையைக் காப்பாற்றியது.

அன்றாட ஆட்சி தென்னாப்பிரிக்கா நியமித்த ஆட்சித் தலைவர் லூயி பினார் கையிலேயே இருந்தது. ஆனால் அவர் பிறப்பிக்கும் தேர்தல் சட்டங்கள் சிறப்புப் பிரதிநிதிக்குத் திருப்தி அளிக்க வேண்டும் என்பது விதி. ஆட்சித் தலைவர் ஜூலையில் வெளியிட்ட தேர்தல் சட்ட வரைவில், வாக்குச் சீட்டுகளைத் தலைநகர் விண்டோக்கிற்குக் கொண்டுவந்து எண்ணுவது போன்ற ஏற்பாடுகள் இருந்தன. வாக்கின் இரகசியமும் நம்பிக்கையும் கெடும் என்று ஆட்சேபங்கள் எழுந்தன. பல வாரப் பேச்சுக்குப் பின் அவை மாற்றப்பட்டு, அக்டோபரில்தான் சட்டம் இறுதி வடிவம் பெற்றது.

அரசியல் கைதிகள் யார், சாதாரணக் குற்றவாளிகள் யார் என்ற சிக்கலும் எழுந்தது. இதற்கென 435ஆம் தீர்மானத் திட்டத்திலேயே, உலகப் புகழ் பெற்ற சட்ட அறிஞர் ஒருவரின் ஆலோசனையைப் பெற ஏற்பாடு இருந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த பேராசிரியர் கார்ல் நோர்கார்ட் அப்பொறுப்பை ஏற்று, வழக்குகளைத் தனித்தனியே ஆராய்ந்தார். குற்றம் நிகழ்ந்த சூழ்நிலை, நோக்கம், செயலுக்கும் நோக்கத்துக்கும் உள்ள பொருத்தம் ஆகியவற்றை வைத்து முடிவு கூறினார். கட்சிகள் தம்முள் தீர்த்துக் கொள்ள முடியாத, தீர்க்காமலும் விட முடியாத கேள்வியை, இருதரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட ஒரு நடுவரிடம் விடுவதன் பயன் இதனால் புலனாகும். பாகுபாடு காட்டிய சட்டங்கள் பல நீக்கப்பட்டன. பொது மன்னிப்பு அளிக்கப்பட்டது. ஏறத்தாழ 42,000 அகதிகள் தாயகம் திரும்பினர்.

எண்பது நாட்கள்

1989 நவம்பர் 7 முதல் 11 வரை தேர்தல் நடைபெற்றது. பதிவு செய்துகொண்ட ஏழு இலட்சம் வாக்காளர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்கு மேல் வாக்களித்தனர். 72 இடங்களில் ஸ்வாப்போ 41 இடங்களையும், ஜனநாயக டர்ன்ஹாலே கூட்டணி 21 இடங்களையும் பெற்றன. எஞ்சிய 10 இடங்கள் ஐந்து சிறு கட்சிகளுக்குக் கிடைத்தன. அரசியல் சட்டத்தை நிறைவேற்றத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு 48 ஆகும். வென்ற கட்சிக்கு ஏழு இடங்கள் குறைந்தன. பேச்சு நடத்தியே தீரவேண்டும் என்ற நிலையை இந்தக் கணக்கு உண்டாக்கியது.

நவம்பர் 21 அன்று சபை விண்டோக்கில் கூடியது. கூடிய இடம் ஜெர்மானியர் காலத்து ஆட்சிக் கட்டடம். அலுவலர்கள் ஓயாமல் எழுதிக் குவித்த காகிதங்களைக் கேலி செய்து, ‘மை மாளிகை’ எனப் பொருள்படும் ஜெர்மானியப் பெயரால் மக்கள் அதனை அழைத்து வந்தனர். அங்கே சபை முதற்கண் 1982ஆம் ஆண்டுக் கோட்பாடுகளைத் தனது சொந்த நெறிகளாக ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. அயலார் வகுத்தவை அன்றே உள்நாட்டு உடைமையாயின. ஸ்வாப்போவின் வரைவை விவாதத்திற்கு அடிப்படையாகக் கொள்ளப் பிற கட்சிகள் இசைந்தன. எல்லாக் கட்சிகளும் இடம் பெற்ற 21 உறுப்பினர் குழுவொன்று கைங்கோப் தலைமையில் விதிகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தது.

அக்குழுவுக்கு உதவ மூன்று சட்ட வல்லுநர்கள் அழைக்கப்பட்டனர். ஆர்தர் சாஸ்கல்சன், மாரினஸ் வீகர்ஸ், கெர்ஹார்ட் எராஸ்மஸ் ஆகிய மூவரும் தென்னாப்பிரிக்கர்கள். எந்த நாட்டின் ஆதிக்கத்திலிருந்து விடுபடப் போராடினார்களோ, அந்நாட்டிலிருந்தே சட்ட உதவியாளர்களைத் தேர்ந்தெடுத்தது முதலில் வியப்பூட்டலாம். ஆனால் காரணம் இருந்தது. நமீபியாவில் வழங்கிய ரோமானிய-டச்சுச் சட்டமரபை அவர்கள் அறிந்திருந்தனர். சாஸ்கல்சன், நெல்சன் மண்டேலா முதலியோர் மீது நடந்த ரிவோனியா வழக்கில் எதிரிகள் தரப்பில் வாதாடியவர். மற்ற இருவரும் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள். பிறந்த நாட்டைக் கொண்டு நடுநிலை அளக்கப்படவில்லை. தங்கள் சொல்லைத் திரிக்காமல் எழுதித் தருவார்கள் என்று எல்லாத் தரப்பினரும் நம்பியதே அளவுகோலாயிற்று.

பெரும் கருத்து வேற்றுமைகள் மூன்று. நிர்வாக அதிகாரமுள்ள குடியரசுத் தலைவர் வேண்டுமா, சட்டமன்றத்திற்கு இரண்டாவது அவை வேண்டுமா, தேர்தல் தொகுதி முறையிலா விகிதாசார முறையிலா என்பன அவை. இவற்றை வல்லுநர்கள் தீர்க்கவில்லை; கட்சிகளே தீர்த்தன. நிர்வாகத் தலைவர் முறையை எதிர்க்கட்சிகள் ஏற்றன; தேசிய அவைக்கு விகிதாசாரத் தேர்தலையும், வட்டாரங்களின் சார்பான இரண்டாவது அவையையும் ஸ்வாப்போ ஏற்றது. இவ்வாறு கிடைத்த இணக்கங்களைத் தெளிவான, முன்பின் முரணற்ற சட்ட வாசகமாக்குவதே மூவரின் பணியாயிற்று. 1990 பிப்ரவரி 9 அன்று, சபை கூடிய எண்பதாம் நாள், அரசியல் சட்டம் ஒருமனதாக நிறைவேறியது. மார்ச் 21 அன்று நாடு விடுதலை பெற்றது.

மரண தண்டனையை அடியோடு விலக்கியது அச்சட்டம். அடிப்படை உரிமைகளைக் குறைக்கும் திருத்தம் எதுவும் செல்லாது என்று அதன் 131ஆம் விதி கூறுகிறது. நீதிமன்றத்தால் நிறைவேற்றுவிக்க இயலாத, ஆயினும் அரசை வழிநடத்த வேண்டிய கொள்கை நெறிகளும் அதில் இடம் பெற்றுள்ளன. நமது அரசியல் சட்டத்தின் நான்காம் பகுதியை அறிந்தோருக்கு இது பழக்கமான ஏற்பாடே.

தீராத நிலப் பிரச்சினை

வெற்றியை மட்டும் கூறி நிறுத்துவது பொருந்தாது. எண்பது நாள் வேகத்திற்கு ஒரு விலை கொடுக்கப்பட்டது. குழுவின் கூட்டங்கள் மூடிய கதவுகளுக்குள் நடந்தன, வரைவு ஊர் ஊராகச் சென்று மக்களிடம் விவாதிக்கப்படவில்லை, பொதுவாக்கெடுப்பும் இல்லை. போர்க் காலத்தில் இரு தரப்பிலும் காணாமற்போனோர், வதைக்கப்பட்டோர் பற்றிய உண்மையை விசாரிக்க ஆணையம் எதுவும் அமைக்கப்படவில்லை. தேசிய இணக்கம் என்ற பெயரில் அந்த ஏடு மூடப்பட்டது. அக்குடும்பங்களின் துயரம் மூடப்படவில்லை.

பொருளாதார நோக்கில் முக்கியமானது நிலம். விடுதலையின்போது நாட்டின் நிலப்பரப்பில் சுமார் 44 சதவிகிதம் தனியுடைமை வணிகப் பண்ணைகளாக, பெரும்பாலும் வெள்ளையர் வசம் இருந்தது. சொத்துரிமையைக் காக்கும் 16ஆம் விதி, பொதுநலன் கருதி நிலத்தை எடுக்க அரசுக்கு அதிகாரம் தந்தாலும், நியாயமான இழப்பீடு தரவேண்டும் என்கிறது. 1982ஆம் ஆண்டுக் கோட்பாட்டின் நேர் வாரிசு இது. முன்னாளைய பாகுபாட்டின் விளைவுகளைச் சரி செய்யச் சிறப்பு நடவடிக்கை எடுக்க 23ஆம் விதி இடம் தருகிறது. இவ்விரண்டு விதிகளுக்கும் இடையே நாடு நடந்து பார்த்தது. 1991இல் கூடிய தேசிய நில மாநாடு, மூதாதையர் நில உரிமைகளை முழுமையாக மீட்டளிப்பது இயலாது என்ற முடிவுக்கு வந்தது. 1995ஆம் ஆண்டு வணிக வேளாண் நிலச் சீர்திருத்தச் சட்டம், விற்க விரும்புவோரின் நிலத்தை வாங்கும் முதல் உரிமையை அரசுக்கு அளித்தது. விற்பவர் விரும்பினால்தான் நிலம். அரசிடம் பணமிருந்தால்தான் வாங்கல். முன்னேற்றம் மெதுவாகவே இருந்தது. 2018இல் இரண்டாவது மாநாடு கூட்டப்பட்டு, இதே கேள்விகள் மீண்டும் எழுந்தன.

இதற்கு வரைவாளரைக் குறை கூறுவது முறையன்று. சொத்துப் பாதுகாப்பு இல்லையெனில் ஒப்பந்தமே ஏற்பட்டிராது. போர் இன்னும் பல உயிர்களைக் கொண்டிருக்கும். ஆனால் சட்ட உதவியின் எல்லையை இது காட்டுகிறது. இழப்பீடு நியாயமாக இருக்க வேண்டும் என்று வல்லுநர் எழுத முடியும். அந்த இழப்பீட்டை எந்த நிதியிலிருந்து, எத்தனை ஆண்டுகளில், யாருக்காக அளிப்பது என்பதைத் திட்டமும் வரவு செலவுக் கணக்குமே சொல்ல முடியும். சமாதானப் பேச்சில் சட்ட ஆலோசகரின் அருகே பொருளாதார ஆலோசகருக்கும் ஓர் இருக்கை தேவை என்பது இதனால் பெறப்படும்.

மாறான உதாரணம்

வேறு வழியில் எழுதப்பட்ட அரசியல் சட்டமும் உண்டு. பொஸ்னியப் போரை நிறுத்திய ஒப்பந்தம் 1995 நவம்பரில் அமெரிக்காவின் டேடன் நகர் அருகே விமானப்படைத் தளமொன்றில் பேசி முடிக்கப்பட்டது. டிசம்பர் 14 அன்று பாரிசில் கையெழுத்தாயிற்று. அதன் நான்காம் இணைப்பே அந்நாட்டின் அரசியல் சட்டம். அது ஆங்கிலத்தில் எழுதப்பட்டது; தேர்ந்தெடுக்கப்பட்ட சபை விவாதிக்கவில்லை; மக்கள் வாக்களிக்கவில்லை. கொலைகளை அது நிறுத்தியது. அந்தப் பெருமையை மறுக்க இயலாது. ஆனால் தலைமைப் பதவிகளைப் பொஸ்னியாக், குரோட், செர்பியர் என்ற மூவினத்தார்க்கே அது ஒதுக்கியது. ரோமா இனத்தவர் ஒருவரும் யூதர் ஒருவரும் தொடுத்த வழக்கில், இது பாகுபாடு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2009 டிசம்பரில் தீர்ப்பளித்தது. பத்தாண்டுகள் கழிந்த பின்னரும் அதற்கேற்ற திருத்தம் நிறைவேறவில்லை. எழுதுகோலும் முடிவும் ஒருங்கே வெளியார் கையில் இருந்தால், பின்னர் அதனைத் திருத்தும் பொறுப்பை உள்நாட்டார் எவரும் தமதாகக் கருதுவதில்லை.

அலுவலர்க்குரிய படிப்பினைகள்

இன்று இத்தகைய உதவி ஒழுங்கான துறையாக வளர்ந்திருக்கிறது. ஐ.நா. 2008இல் அமைத்த சமரச வல்லுநர் குழுவில் அரசியல் சட்டத் துறைக்கும் இடமளிக்கப்பட்டது. அரசியல் சட்ட ஆக்கத்திற்கு உதவுவது பற்றிப் பொதுச்செயலாளரின் வழிகாட்டுக் குறிப்பு 2009இல் வெளியாயிற்று. ஜனநாயகத்திற்கும் தேர்தல் உதவிக்குமான சர்வதேச அமைப்பு 1995இல் நிறுவப்பட்டபோது, நிறுவிய நாடுகளில் இந்தியாவும் ஒன்றாக இருந்தது. மொழி, சமயம், வட்டாரம் எனப் பலவகை வேற்றுமைகளை ஒரே அரசியல் சட்டத்தின் கீழ் நிர்வகித்த அனுபவம் நம்மிடம் உண்டு. அதைக் கேட்கும் நாடுகளுடன் பகிர்ந்து கொள்ளும் வாய்ப்பு இங்குள்ள இளம் அலுவலர்களுக்கும் நேரலாம். அவர்கள் மனத்திற் கொள்ளவேண்டியவை சில.

முதலாவது, உதவி எல்லாத் தரப்பினருக்கும் சமமாகத் தரப்பட வேண்டும். ஒரு கட்சிக்குச் சொல்லும் விளக்கத்தை மற்றக் கட்சிக்கும் சொல்ல முடியாதெனில் அது நடுநிலை ஆகாது. இரண்டாவது, ஒரே தீர்வைக் கையில் கொண்டு செல்லலாகாது. இரண்டு மூன்று வழிகளையும், ஒவ்வொன்றாலும் விளையும் நன்மை தீமைகளையும் எடுத்து வைத்துவிட்டுத் தேர்வை அந்நாட்டாரிடம் விட வேண்டும். மூன்றாவது, ஊதியம் யார் தருகிறார் என்பதை ஒளிக்கலாகாது. ஒளித்த செய்தி பின்னர் வெளியாகும்போது வரைவின் நற்பெயரையும் உடன் கொண்டு போகும். நான்காவது, உள்நாட்டு வல்லுநரை வளர்க்காத உதவி நிலைக்காது. லுசாகாவில் பயின்றவர்களின்றி விண்டோக்கில் எண்பது நாள் போதியிராது.

நடுநிலை என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. கட்சிகளுக்கிடையே நடுநிலை வேண்டும். ஒருவரைச் சட்டப்படி மனிதராக மதிப்பதா வேண்டாமா என்ற கேள்வியில் நடுநிலைக்கு இடமில்லை. நிறவெறியைத் தொடர விரும்பியவர்க்கும் அதனை ஒழிக்க விரும்பியவர்க்கும் நடுவே பாதி வழியில் நமீபிய அரசியல் சட்டம் நிற்கவில்லை. அதன் 23ஆம் விதி இனப் பாகுபாட்டையும் நிறவெறியையும் வெளிப்படையாகவே விலக்குகிறது.

அச்சட்டமும் சோதனைகளைச் சந்திக்காமலில்லை. முதல் குடியரசுத் தலைவர் சாம் நுஜோமா மூன்றாம் முறை போட்டியிட வசதியாக 1998இல் அது திருத்தப்பட்டது. ஆயினும் அவருக்குப் பின் ஆட்சி மாற்றங்கள் முறைப்படி நிகழ்ந்துள்ளன. எண்பது நாள் குழுவுக்குத் தலைமை தாங்கிய கைங்கோப், 2015 முதல் குடியரசுத் தலைவராக இருந்து, 2024 பிப்ரவரி 4 அன்று பதவியிலிருக்கும்போதே காலமானார். அன்றைய தினமே துணைக் குடியரசுத் தலைவர், அரசியல் சட்டம் வகுத்த முறைப்படி உறுதிமொழி ஏற்றார். படை வீதிக்கு வரவில்லை, அலுவலகங்கள் மூடப்படவில்லை. அவ்வாண்டே பொதுத்தேர்தலும் நடைபெற்றது. மை மாளிகையில் எழுதப்பட்ட காகிதம் மூன்று பத்தாண்டுகளுக்குப் பின்னரும் தன் கடமையைச் செய்தது.